ஸ்மோக்கி மலை சாலமாண்டர்கள் குறைவது பருவநிலையால்தான் என்று எப்படிச் சொல்வது?

களக்காட்டுத் தவளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, களக்காடு பக்கம் தவளைக் கணக்கெடுப்புகளில் உதவியாளனாகச் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். ஆய்வுத் தலைப்பு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. தெற்கு அப்பலாச்சிய மலைகளின் உயரத்தில் வாழும் சாலமாண்டர்களைப் பருவநிலை மாற்றம் என்ன செய்கிறது என்பதுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பார்க்கப் பல்லி போல இருக்கும், ஆனால் செதில் கிடையாது, தவளைக்குத்தான் சொந்தம். தென்னிந்தியாவில் அறவே இல்லை. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜீலிங் பக்கம் போக வேண்டும். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிலோ ஒரே எல்லைக்குள் 30 இனங்கள். அவற்றில் 24 இனங்களுக்கு நுரையீரலே இல்லை. தோலாலும் வாயின் உட்பரப்பாலும்தான் மூச்சு.

என் குழப்பத்துக்கு வருகிறேன். படிக்கப் படிக்க ஒன்றையொன்று வெட்டுகிற கட்டுரைகளாகவே வருகின்றன. 2010-ல் வந்த ஒன்று, இந்த மலைகளில் சாலமாண்டருக்கு ஏற்ற இடம் பெருமளவு போய்விடும் என்று வரைபடம் போடுகிறது. 2014-ல் வந்தது, உடம்பே சிறுத்து வருகிறது என்கிறது. அடுத்த வருடமே வேறொரு குழு, அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று பதில் எழுதுகிறது. 2018-ல் வந்ததோ, தோல் தன்னை மாற்றிக்கொள்ளும், அழிவு நாம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது என்கிறது. இதில் எந்தக் காலை ஊன்றி நான் நிற்பது?

கையில் இருப்பது நான்கு கோடைக்காலம், ஒரு மலைச்சரிவு, கூட ஓர் இளநிலை மாணவர். அடிவாரத்திலிருந்து குவோஹி உச்சி வரை உயரம் உயரமாகப் பிரித்து, இரவில் டார்ச் அடித்து எண்ணலாம் என்று திட்டம். எண்ணிக்கை குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பருவநிலைதான் காரணம் என்று எழுத முடியுமா? தவளை என்றால் கத்தும், காதை வைத்தே பாதி வேலை முடியும். இது வாயே திறப்பதில்லை. களத்தில் இறங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


நாக்ஸ்வில் நடையன் எழுதியது:

நான் ஆய்வாளர் இல்லை, ஐ.டி. ஆள். வார இறுதியானால் ஸ்மோக்கியில் நடப்பவன், அவ்வளவுதான். குவோஹி என்றால் பழைய பலகைகளில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருந்த இடம். 2024-ல் செரோக்கி மக்களின் பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள். 2,025 மீட்டர், பூங்காவில் அதுதான் உச்சம். கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள் தம்பி.

அந்த உச்சிக்கு ஏறும் வழியில் இரண்டு பக்கமும் செத்து வெளுத்த மரங்கள் நட்டுக்கொண்டு நிற்கும். பல வருடமாகப் பார்க்கிறேன். அதுவும் வெப்பத்தால்தானா? அப்படியென்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே நிற்கிறதே என்று தோன்றியது. இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விரல் நீளம் இருக்கிற பிராணிக்கு இத்தனை பேர் ஏன் மெனக்கெடுகிறார்கள்?


ஈரப்பாசி எழுதியது:

தவளைத் தம்பிக்கு வாழ்த்துகள். நான் மலைக்கு அந்தப் பக்கம், வட கரோலினாவில் இருக்கிறேன். முதலில் பருவகால உதவியாளர், அப்புறம் ஆய்வு மாணவி, இப்போது மற்றவர்களின் தரவை ஒழுங்குபடுத்தும் வேலை. இந்தப் பிராணி பின்னால் அலைந்து முழங்கால் தேய்ந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான்கு கோடை எண்ணிவிட்டு, பருவநிலையால் குறைந்தது என்று எழுத முடியாது. எண்ணுவதை மட்டுமே செய்தால் நாற்பது கோடை எண்ணினாலும் முடியாது.

காரணம், நீ இரவில் பார்க்கப்போவது அங்கே இருக்கும் கூட்டத்தை அல்ல. அன்றைக்கு வெளியே வந்தவற்றை மட்டும்தான். மீதி எல்லாம் மண்ணுக்குள், வேர் இடுக்கில், கல்லுக்கு அடியில். ஸ்மோக்கியிலேயே குறியிட்டுத் திரும்பப் பிடித்துச் செய்த ஓர் ஆய்வு 2004-ல் வந்தது. சராசரியாகப் பத்தில் எட்டுக்கு மேல் நம் கைக்கு எட்டாத ஆழத்தில்தான் இருக்கின்றன என்று அதில் வந்தது. மழை பெய்து ஓய்ந்த இரவில் ஒரே சரிவில் ஃபெர்ன் இலை மேலும் மரத்தண்டு மேலும் ஏறி இரை தேடிக்கொண்டு இருக்கும், எண்ணி மாளாது. நான்கு நாள் காய்ந்தால் அதே சரிவில் ஒன்றுகூட இருக்காது. செத்தா போயின? இல்லை, கீழே இறங்கிவிட்டன. வறண்ட கோடையில் எண்ணிக்கை குறைகிறதென்றால் நீ அளந்தது வறட்சியை. அதைக் கூட்டத்தின் சரிவு என்று எழுதினால் நடுவர் குழு கிழித்துவிடும், கிழிக்கவும் வேண்டும்.

சரி, அப்படியென்றால் எதை அளப்பது? என் கட்சி இதுதான்: வெப்பமானியைப் பார்த்தது போதும், ஈரத்தைப் பார். நுரையீரல் இல்லாத பிராணிக்குத் தோல் நனைந்திருந்தால்தான் மூச்சு. தோல் நனைந்திருந்தால் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெளியே வரும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குச் செலவு. குறிப்பிட்ட அளவு நீர் போனதும் வேட்டையை விட்டுவிட்டு உள்ளே போயாக வேண்டும். ஆக, அதன் வருமானம் என்பது எத்தனை மணி நேரம் வெளியே இருக்க முடிகிறது என்பதுதான்.

இங்கேதான் வெப்பம் உள்ளே வருகிறது, ஆனால் பின்வாசல் வழியாக. ஈரப்பதம் 80 விழுக்காடு என்று கருவி இரண்டு இரவு காட்டுகிறது என்று வை. ஓர் இரவு 10 டிகிரி, இன்னோர் இரவு 20 டிகிரி. இரண்டும் ஒன்றல்ல. 10 டிகிரியில் காற்று இன்னும் இழுத்துக்கொள்ளக்கூடிய ஆவியின் அழுத்தம் சுமார் 0.25 கிலோபாஸ்கல், 20 டிகிரியில் 0.47. கிட்டத்தட்ட இருமடங்கு உறிஞ்சல். அதே ஈரப்பதம் என்று சொன்ன வானிலை அறிக்கையை நம்பிக் கொல்லையில் துணி காயப்போட்டவர்களுக்கு இது தெரியும். மலை இரவு ஒன்றிரண்டு டிகிரி சூடானாலே, மழை குறையாமலே, பிராணிக்கு வெளியே இருக்கும் நேரம் சுருங்குகிறது. இந்த ஆவி அழுத்தப் பற்றாக்குறையைத்தான் நீ ஒவ்வோர் உயரத்திலும், தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், அளக்க வேண்டும். விமான நிலையத்து வானிலைக் கம்பம் சொல்வது உனக்கு ஆகாது.

இதை அளக்க அழகான ஒரு வழி இருக்கிறது. சாலமாண்டர் வடிவ அச்சில் அகர் கூழை ஊற்றி வார்த்துக்கொள்வார்கள். அகருக்குத் தோல் தடை எதுவும் இல்லை, திறந்த தண்ணீர் மாதிரி நீரை விட்டுக்கொண்டே இருக்கும். உயிருள்ளதையும் அகரையும் ஒரே காற்றோட்டப் பெட்டியில் மாற்றி மாற்றி வைத்து எடை இழப்பைப் பார்த்தால், வித்தியாசம்தான் தோலின் தடை. எரிக் ரிடெல், மைக்கேல் சியர்ஸ் குழு இப்படித்தான் சாம்பல்கன்ன சாலமாண்டரில், அதாவது பிளெத்தடான் மெட்கால்ஃபியில், வேலை செய்தது. நீ சொன்ன 2018 கட்டுரை அவர்களுடையதுதான். தோல் தன் தடையைக் கூட்டிக்கொள்ளும் திறனைக் கணக்கில் சேர்த்தால், கணித்த அழிவு அபாயம் 72 விழுக்காடு குறைகிறது என்று வந்தது. இதை நல்ல செய்தி என்று மட்டும் படிக்காதே. தோல் வழியே போகும் ரத்தத்தைக் குறைத்துத்தான் நீரைப் பிடிக்கிறது. நீருக்கு அடைத்த கதவு ஆக்சிஜனுக்கும் பாதி அடைத்ததுதான். அந்தக் கடனை அது எங்கே கட்டுகிறது, வளர்ச்சியிலா முட்டையிலா என்பது நல்ல கேள்வி. நான் உன் இடத்தில் இருந்தால் அங்கே நிற்பேன்.

2010 வகை வரைபடக் கட்டுரைகளை நான் மதிப்பது எச்சரிக்கை மணி என்ற அளவில்தான். இன்று எங்கே இருக்கிறதோ அந்த வெப்பமும் மழையும்தான் அதற்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, 2080-ல் அது எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். ஆனால் இன்று அது அங்கே இருப்பதற்குக் காரணம் வெப்பம் மட்டும்தானா? நெல்சன் ஹேர்ஸ்டன் 1970-களில் ஸ்மோக்கியிலும் பால்சம் மலைகளிலும் செய்ததைப் படி. செங்கன்ன சாலமாண்டரைச் சில தளங்களிலிருந்து தொடர்ந்து அகற்றிப் பார்த்தார், பக்கத்து இனம் பெருகியது. பக்கத்து இனத்தை அகற்றினார், செங்கன்னத்தின் இளசுகளின் பங்கு கூடியது. மலையில் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் நீ, கீழே நான் என்று இரண்டும் பிரித்துக்கொண்டதில் சண்டைக்கும் பங்கு உண்டு. வெப்பம் ஏறினால் அந்தக் கோடு எப்படி நகரும் என்பதை வெப்பமானி சொல்லாது.

உடம்பு சிறுக்கிற விஷயம். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹைட்டன் 1950-களிலிருந்து அப்பலாச்சியா முழுக்கச் சேகரித்தவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஜாடி ஜாடியாக இருக்கின்றன. நீ சொன்ன 2014 கட்டுரைக்காரர்கள் அவர் போன இடங்களுக்கே திரும்பப் போய், 15 இனங்களை அளந்து ஒப்பிட்டார்கள். ஆறு இனம் சிறுத்திருந்தது, ஒன்று பெருத்திருந்தது. 1980-க்குப் பிறகு பிடித்தவை அதற்கு முன்னவற்றை விடச் சராசரியாக 8 விழுக்காடு சிறியவை. இன்றைய வெப்பத்தில் அன்றைய அளவு இயங்க ஏழெட்டு விழுக்காடு கூடுதல் எரிசக்தி வேண்டும் என்றும் கணக்குப் போட்டார்கள். கட்டுரை எனக்குப் பிடிக்கும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேள். ஜாடியில் ஆல்கஹாலில் கிடந்த உடம்பு சுருங்கும். சேகரிப்பவர் பெரிதாகக் கண்ணில் படுவதை எடுத்தாரா, எல்லாவற்றையும் எடுத்தாரா? ஒரு நல்ல மழை வருடத்துக்குப் பிறகு இளசுகள் கூடினால் சராசரி தானாக இறங்கும். யாரும் சிறுக்கவில்லை, வீட்டில் குழந்தைகள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 2015 பதில் கட்டுரை இந்தப் பக்கத்துச் சந்தேகம்தான்.

நடையன் சார் கேட்டதற்கு வருகிறேன், அது சின்னக் கேள்வி இல்லை. உச்சியில் வெளுத்து நிற்பவை ஃபிரேசர் ஃபிர் மரங்கள். கொன்றது வெப்பம் இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சாறு உறிஞ்சிப் பூச்சி. ஸ்மோக்கியில் 1960-களில் நுழைந்தது. கீழே ஓடைக்கரைகளில் ஹெம்லாக் மரங்களை வேறொரு பூச்சி தின்கிறது, அது பூங்காவில் 2002-ல் தென்பட்டது. மரம் செத்தால் நிழல் போகிறது, தரை காய்கிறது, சாலமாண்டர் உள்ளே போகிறது. எண்ணிக்கை விழும். பார்ப்பவர் கண்ணுக்கு அப்படியே பருவநிலை மாதிரி இருக்கும். இதோடு, 1934-ல் பூங்கா ஆவதற்கு முன் மரக் கம்பெனிகள் வெட்டித் தள்ளிய சரிவுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கே காடு மூப்படைய எண்ணிக்கை ஏறவும் செய்யலாம். ஆகவே தம்பி, தளம் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதே. எந்த மரம் செத்தது, எது எப்போது வெட்டியது என்று ஒவ்வொரு தளத்துக்கும் வரலாறு எழுதிக்கொள்.

விரல் நீளப் பிராணிக்கு ஏன் இத்தனை பாடு என்றால்: நியூ ஹாம்ப்ஷையரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1970-களில் எடை போட்டுப் பார்த்தார்கள். காட்டிலுள்ள சாலமாண்டர்களின் மொத்த எடை, கூடு கட்டும் காலத்துப் பறவைகளின் மொத்த எடையைப் போல இருமடங்கு, எலி முதலான சிறு பாலூட்டிகளுக்குக் கிட்டத்தட்டச் சமம். காட்டுத் தரையில் பூச்சி தின்னும் பெரிய படை இதுதான்.


புள்ளிக்காரன் எழுதியது:

ஈரப்பாசி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எண்ணுவதையே வேண்டாம் என்று தம்பி எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. நான் புள்ளியியல் பக்கத்து ஆள், களத்துக்குப் போவது அபூர்வம். தரவு என் மேசைக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் புலம்புவது ஒன்றுதான்: ஒரே தளத்துக்கு ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பப் போயிருக்க மாட்டார்கள்.

ஐம்பது தளத்துக்கு ஒரு முறை போவதை விட, பதினைந்து தளத்துக்கு அடுத்தடுத்த இரவுகளில் பல முறை போவது மேல். அப்படிப் போனால், ஒன்று வெளியே இருக்கும் வாய்ப்பு வேறு, வெளியே இருந்தும் நம் கண்ணில் படும் வாய்ப்பு வேறு என்று பிரித்து எடுக்கக் கணித மாதிரிகள் இருக்கின்றன. குறியிட்டுப் பிடிப்பதாக இருந்தால் கென்னத் பொல்லாக் 1982-ல் கொடுத்த வடிவமைப்பைப் பாருங்கள். வருடத்துக்குச் சில கொத்து, ஒவ்வொரு கொத்திலும் சில இரவு. கொத்துக்குள் கூட்டம் மாறாது என்று வைத்துக்கொள்ளலாம், கொத்துகளுக்கு நடுவே பிறப்பு, சாவு, மண்ணுக்குள் இறங்குதல் எல்லாம் வரும். மேலே சொன்ன 2004 கணக்கே இப்படி வந்ததுதான். குறியிடாமல் எண்ணுவதற்கும் மாதிரிகள் உண்டு. ஆனால் ஓர் இரவு 3, மறு இரவு 40 என்று ஆடும் பிராணிக்கு அவை கொடுக்கும் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன்.

அப்புறம், ஈரம்தான் எல்லாம் என்ற கட்சிக்கு ஓர் எதிர்ச்சாட்சி. நியூ ஹாம்ப்ஷையரில் வின்சர் லோ ஓர் ஓடையில் 1999 முதல் 2010 வரை ஊற்று சாலமாண்டரைத் தொடர்ந்து பார்த்தார். பெரியவை குறைந்தன, குஞ்சுகளில் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. சரிவு ஒத்துப்போனது வறட்சியோடு அல்ல, மழை கூடியதோடு! குஞ்சு உருமாறிப் பெரியதாகும் கட்டத்தில் வெள்ளம் வந்தால் செத்துப்போகிறது என்பது அவர் தரும் விளக்கம். ஓடையில் வாழ்கிறதா, காட்டுத் தரையிலா என்பதைப் பொறுத்து பருவநிலை மாற்றம் என்ற ஒரே பெயருக்கு இரண்டு நேர்மாறான சாவுகள். இனம் எது என்று முடிவு செய்யாமல் தலைப்பை முடிவு செய்யாதீர்கள்.

குவாதமாலாக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். தஹுமுல்கோ எரிமலைச் சரிவில் 1970-களில் ஏராளமாக இருந்த மலை சாலமாண்டர்கள் பின்னால் போய்ப் பார்த்தபோது காணவில்லை. டேவிட் வேக் குழு 2009-ல் இதை எழுதியபோது பருவநிலையும் சந்தேகப் பட்டியலில் இருந்தது. காடு நன்றாக இருந்த இடங்களிலும் காணவில்லை என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமும்கூட. இரண்டு வருடம் கழித்து அருங்காட்சியக ஜாடிகளில் இருந்த பழைய உடல்களின் தோலை ஒற்றியெடுத்துச் சோதித்தார்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை, சரிவு தொடங்கிய அதே காலத்தில் அங்கே நுழைந்திருந்தது. உங்கள் ஆய்வில் தோல் ஒற்றியெடுப்புக்கு முதல் வருடமே பணம் ஒதுக்குங்கள். நோய் இல்லை என்று காட்ட முடிந்தால்தான் பருவநிலை என்ற வார்த்தையை எடுக்க உங்களுக்கு வாய் இருக்கும்.


களக்காட்டுத் தவளை எழுதியது:

அக்கா, புள்ளிக்காரன் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. பேராசிரியரிடம் இதைக் காட்டினால் தமிழ் படிக்கத் தெரியாதே என்று வருத்தமாக இருக்கிறது. அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறேன்.

முடிவு செய்தது: காட்டுத் தரை இனம், செங்கன்ன சாலமாண்டர், பிளெத்தடான் ஜோர்டானி. இந்தப் பூங்காவைச் சுற்றி அல்லாமல் உலகில் வேறெங்கும் இல்லை என்பதால், இது போனால் போனதுதான். தளங்களைக் குறைத்து, திரும்பத் திரும்பப் போகிறேன். அகர் வார்ப்பும் செய்து பார்க்க ஆசை.

இன்னும் கேட்க வேண்டியவை. முதல் தடவை கையில் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? தவளை பிடித்த கை என்றாலும் இது புதுசு. இரண்டாவது, ஈரப்பதம் பதியும் சின்ன லாகர்களைத் தரை மட்டத்தில் வைத்தால் தாங்குமா? மூன்றாவது, பேராசிரியர் வர்ஜீனியாவில் ஷெனாண்டோ சாலமாண்டரையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்கலாமா என்கிறார். சேர்க்கலாமா?


ஈரப்பாசி எழுதியது:

ஊற்று சாலமாண்டர் சாட்சியை ஏற்றுக்கொள்கிறேன், புள்ளிக்காரரே. ஓடை இனத்துக்கு என் கட்சி செல்லாது. காட்டுத் தரைக்குச் செல்லும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன்.

தம்பி, கையில் எடுப்பது பற்றி. கொசு மருந்து தடவிய கையோடு தொடவே தொடாதே. அதற்குத் தோல்தான் நுரையீரல், உன் கையில் பூசியது அதன் மூச்சுக்குள் ஊற்றியதற்குச் சமம். கையுறை போட்டால் ஒவ்வொன்றுக்கும் புதுசு, போடும் முன் நனைத்துக்கொள். நான் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைதான் பயன்படுத்துவேன். உள்ளே இரண்டு சொட்டு ஓடைத் தண்ணீர் விட்டு, பிராணியை உள்ளே விட்டு, பையின் மூலையில் நேராக்கி, வெளியிலிருந்தே மூக்கு நுனி முதல் கழிவாய் வரை அளந்துவிடலாம். வாலோடு சேர்த்து அளக்காதே, பாதிக்கு வால் அறுந்து வளர்ந்ததாக இருக்கும். எடையிலும் அதே சிக்கல் வரும், வால் முழுதா குறையா என்று தனிக் கட்டத்தில் குறித்துக்கொள். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் உன் கையில் நிற்கும், பிராணி போய்விடும். அதோடு வால் பக்கம் ஒரு வெள்ளைப் பசை விடும், விரலில் காய்ந்தால் இரண்டு நாள் சோறு அந்தப் பிசுபிசுப்போடுதான்.

ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார். கன்னத்தில் அந்தச் செம்மஞ்சள் திட்டு, மீதி உடம்பு கருஞ்சாம்பல். விலா நெடுக வரி வரியாகப் பள்ளம் ஓடும், அந்தப் பள்ளங்கள் வழியேதான் வயிற்றுப் பக்கத்து ஈரம் முதுகுக்கு ஏறுகிறது. மூக்குத் துளையிலிருந்து மேலுதட்டுக்கு மெல்லிய கோடு ஒன்று இறங்கும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். தரையில் மூக்கைத் தட்டித் தட்டி அந்தக் கோடு வழியாக வாசனையை மேலே இழுக்கும். தொண்டைக்குழி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இனம் குறிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது: ஸ்மோக்கியில் டெஸ்மாக்னதஸ் இமிடேட்டர் என்று ஒன்று, அதற்கும் கன்னம் சிவக்கும். கண்ணிலிருந்து தாடை மூலைக்குச் சாய்வாக வெளிர் கோடு இருந்தால், பின்கால் முன்காலை விடக் கொழுத்திருந்தால், அது இமிடேட்டர். இளநிலை மாணவருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடு, இல்லாவிட்டால் தரவு இரண்டு இனத்துக் கலவையாக வரும்.

கல்லைப் புரட்டினால் முதலில் கல்லைத் திரும்ப அதே பள்ளத்தில் வை, அப்புறம் பிராணியை அதன் ஓரத்தில் விடு, தானாக உள்ளே போகும். பிராணியை வைத்துவிட்டு மேலே கல்லை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே கட்டையை வாரா வாரம் புரட்டினால் அடியில் ஈரம் போய்விடும். நீயே வறட்சியை உண்டாக்கி நீயே அளப்பாய். பலகை போட்டு அதன் அடியில் பார்க்கும் முறை வேண்டுமென்றால் இப்போதே போடு. புதுப் பலகையை அவை சீண்டாது, வெயில் மழையில் கிடந்து பழசாக வேண்டும். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் பூட்ஸைச் சேறு போகத் தேய்த்து, கிருமிநாசினியில் நனைத்துவிட்டுப் போ. ஐரோப்பாவில் தீ சாலமாண்டர்களைத் துடைத்தெடுத்த பூஞ்சைக்குப் பயந்து 2016-ல் 20 பேரினங்களின் இறக்குமதியையே அமெரிக்க அரசு நிறுத்தியது. உள்ளே வந்துவிட்டால் முதலில் அடிபடுவது இந்த மலைகள்தான்.

லாகர்: தரை மட்டத்தில் வைத்தால் தாங்காது. நூறு விழுக்காடு ஈரத்தில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈரப்பத உணரி மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும், 104 விழுக்காடு என்றெல்லாம் காட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழு வாங்கிய மொத்தப் பெட்டியும் ஒரே கோடையில் இப்படிப் போயிற்று. வெப்பத்தை மட்டும் நிறைய இடத்தில் பதிய விடு, அது மலிவு, சாகாது. ஈரப்பதத்துக்கு நல்ல கருவி சிலவற்றை மட்டும், மழை படாத, காற்று போகும் கூடாரம் வைத்து நிறுத்து. ஒவ்வொரு கொத்து இரவுக்கும் முன்னும் பின்னும் உப்புக்கரைசல் ஜாடியில் வைத்துச் சரிபார். சாதாரண உப்பின் நிறைகரைசல் மேல் உள்ள காற்று சுமார் 75 விழுக்காடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த இரவுகளைத் திருத்து. கூடவே, சில இரவுகள் அகர் உருவங்களையே தராசில் போட்டுக் காட்டில் வை. கருவி பொய் சொன்னாலும் அகர் சொல்லாது. பழைய வானிலைப் பதிவு வேண்டுமென்றால் மலைக்குத் தெற்கே கோவீட்டா நீரியல் ஆய்வகத்தில் 1930-களிலிருந்து இருக்கிறது. ஸ்மோக்கிக்குள் அப்படியே பொருந்தாது, ஆனால் நீண்ட காலப் போக்குக்கு அதை விட்டால் நல்லது கிடையாது. மழையை உயரத்தோடு சேர்த்தே பார். பள்ளத்தாக்கில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ., உச்சிகளில் 2,100-க்கு மேல். ஏறும்போது வெப்பம் குறைவதும் மழை கூடுவதும் ஒன்றாகவே நடப்பதால், ஒரே சரிவில் மட்டும் இருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. குறைந்தது எதிரெதிரான இரண்டு சரிவாவது எடு, வடக்குப் பார்த்தது ஒன்று, தெற்குப் பார்த்தது ஒன்று. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நீளத்தில் விட்டுப்போயிற்று.

ஷெனாண்டோ வேண்டாம் என்பேன். ஆசையான ஒப்பீடுதான். ஹாக்ஸ்பில், ஸ்டோனி மேன், பினக்கிள்ஸ் என்று மூன்று சிகரங்களின் வடசரிவுக் கல்குவியல்களில் மட்டும் வாழ்கிறது, 1989 முதல் மத்திய அரசின் அழியும் இனப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது அங்கே ஒதுங்கியிருப்பதற்குப் பெரிய காரணம் செம்முதுகு சாலமாண்டர். ஈரமான நல்ல மண்ணையெல்லாம் அந்த இனம் பிடித்துக்கொண்டது, இது கல்லிடுக்கில் வறட்சியைத் தாங்கி வாழ்கிறது. அங்கே உன் கேள்வி பருவநிலை, போட்டி, இரண்டும் சேர்ந்து என்று முக்கோணமாகிவிடும். அதற்கு ஒரு முழு பிஎச்.டி. வேண்டும், பட்டியலிலுள்ள இனம் என்பதால் அனுமதிக்கே எத்தனை மாதம் என்று தெரியாது. பேராசிரியரிடம், அது என் போஸ்ட்டாக் என்று சொல்லிவிடு.

அனுமதி என்றதும் ஞாபகம் வருகிறது. பூங்காவின் ஆய்வு அனுமதி, பல்கலைக்கழக விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதல் இரண்டும் கையில் வராமல் குறியிடும் ஊசியைத் தொட முடியாது. உச்சி மலைப்பாதையில் மாநில எல்லை ஓடுகிறது, வட கரோலினா பக்கத்துச் சரிவு ஒன்றை எடுத்தால் பூங்கா அலுவலகத்திடம் இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்தே கேட்டுக்கொள். விண்ணப்பத்தில் தோல் ஒற்றியெடுப்பையும் இப்போதே எழுது. பின்னால் சேர்ப்பதென்றால் முழு விண்ணப்பமும் திரும்பப் போகும்.